ஃப்ளைவீலின் கனம்

இந்த வாரம் உங்களோடு ஓர் இரும்புச் சக்கரத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். இதென்ன புதுமை என்று சிலர் எண்ணக்கூடும். பொறுமையோடு வாசியுங்கள். நமது சபைக் குடும்பம் ஒன்றில் தகப்பனுக்கும் மகனுக்கும் இடையே மூன்று வாரங்களாகப் பேச்சு நின்றுபோயிருந்தது. அதற்கு இந்தச் சக்கரமே காரணம். இருவரிடமும் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள். பெயர் இல்லாவிட்டாலும் குப்பத்தில் எல்லோரும் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

ஃப்ளைவீல் என்பது என்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் முனையில் பூட்டப்படும் கனத்த வட்டத் தட்டு. அது சுயமாக எந்தச் சக்தியையும் உண்டாக்குவதில்லை. கொடுத்த சக்தியை வாங்கி வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது திருப்பிக் கொடுக்கிறது. குயவருடைய சக்கரத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோலை வைத்துச் சுழற்றிவிட்டு அவர் கையை எடுத்துவிடுகிறார். அதன்பின் இரண்டு கைகளும் களிமண்ணில்தான் இருக்கின்றன. ஆயினும் சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கிறது. சக்கரம் கனமாக இருப்பதனால்தான் அது கூடுகிறது. அட்டையால் செய்த சக்கரத்தில் எந்தக் குயவராலும் பானை வனைய முடியாது.

இப்பொழுது நம் படகுக்கு வாருங்கள். ஏரிக்குள் மீன்பிடிக்கிறவர்களில் பலர் இன்னமும் கழியை ஊன்றித்தான் தள்ளுகிறார்கள். ஆளின் இடுப்பளவு, பல இடங்களில் அதற்கும் குறைவான தண்ணீரில் கழி போதும். ஆனால் முகத்துவாரத்தைக் கடந்து கடலுக்குப் போகிற ஃபைபர் படகுகளில் ஒற்றை சிலிண்டர் டீசல் என்ஜின் இருக்கிறது. அதிலிருந்து நீண்ட தண்டு ஒன்று பின்னால் நீரில் இறங்க, அதன் முனையில் புரொப்பல்லர் சுழல்கிறது. இந்த வகை என்ஜினில் காற்றை உள்ளே இழுக்க அரைச் சுற்று, அதை அழுத்த அரைச் சுற்று, டீசல் எரிந்து தள்ள அரைச் சுற்று, புகையை வெளியேற்ற அரைச் சுற்று என்று கிராங்க் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினால்தான் ஒரு வேலை முடிகிறது. இந்த நான்கு அரைச் சுற்றுகளில் பலன் தருவது ஒன்றுதான். மற்ற மூன்றையும் யார் சுற்றுகிறார்கள்? ஃப்ளைவீல் சுற்றுகிறது. அதிலும் அழுத்தும் அரைச் சுற்று மிகக் கடினமானது. டீசல் தானே பற்றிக்கொள்ளும் அளவுக்குக் காற்றைச் சூடேற்ற வேண்டுமானால், அதைப் பதினைந்து மடங்குக்கும் மேலாக நசுக்க வேண்டும். கைப்பிடியைப் போட்டு என்ஜினைக் கிளப்பும்போது டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதலில் வெறுமனே சுழற்றுகிறீர்கள் அல்லவா? அப்பொழுது நீங்கள் செய்வது வேறொன்றுமில்லை. ஃப்ளைவீலுக்குள் உங்கள் தோளின் பலத்தைச் சேமிக்கிறீர்கள். லீவரை விட்டவுடன் அந்தச் சேமிப்புதான் பிஸ்டனை மேலே ஏற்றுகிறது.

மகன் சென்னைப் புறநகரில் ஒரு கார் பட்டறையில் மெக்கானிக்காக இருக்கிறான். இருங்காட்டுக்கோட்டையில் ஓடும் பந்தய வண்டிகளைத் தயார் செய்து கொடுக்கிற பட்டறை அது. உடன் வேலை செய்யும் இருவரோடு பங்கு போட்டு, பழைய மாருதி எஸ்டீம் ஒன்றை வாங்கியிருக்கிறான். அந்தப் பந்தயத் தடத்தில் அதை ஓட்ட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. நம் பிள்ளைகள் வலையை விட்டு வேறு தொழிலுக்குப் போவதைக் குறித்து நான் குறைகூறுகிறவன் அல்ல. எண்ணூரும் காட்டுப்பள்ளியும் துறைமுகமான பிறகு, பிள்ளைகள் வேறு வேலை தேடுவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? பந்தயம் என்றதும் முகம் சுளிக்கிற பெரியவர்களுக்கு ஒன்று சொல்லுவேன். பொன்னேரி வழியாகத் தச்சூர் கூட்டுரோடு ஏறிச் சென்னைக்குப் போகும்போது சோழவரத்தைக் கடக்கிறீர்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை அங்கே இருந்தது. போர் முடிந்தபின், 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுபாதையில்தான் பல ஆண்டுகள் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களை நடத்தியது. இந்தியா முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்தார்கள். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் திறக்கப்பட்ட பிறகுதான் சோழவரத்தின் சத்தம் அடங்கியது. கோயம்புத்தூரில் கரிவரதன் என்பவர், சாதாரண மாருதி 800 வண்டியின் 796 சிசி, மூன்று சிலிண்டர் என்ஜினை வைத்தே ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டி, நடுத்தர வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்த விளையாட்டைத் திறந்துவிட்டார். 1995இல் அவர் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிபாளையத்திலுள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆகவே நம் பையன் கேட்டது வீண் வேடிக்கை அல்ல. இது நம் நாட்டில் வேர்விட்ட ஒரு கைத்தொழில்.

அவன் விரும்பியது இதுதான்: எஸ்டீமின் ஃப்ளைவீலைக் கழற்றிவிட்டு, அதைக் காட்டிலும் இலேசான ஒன்றைப் பூட்ட வேண்டும். இதில் என்ன லாபம் என்று தகப்பனார் என்னிடம் கேட்டார். குதிரைசக்தி கூடுமா? ஒரு குதிரை கூடக் கூடாது. ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் வண்டிக்கு இலேசான ஃப்ளைவீலால் எந்தப் பயனும் இல்லை. வேகம் மாறும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்களை எளிதாக்கிக்கொள்கிறேன், இவை எஸ்டீமின் அளவுகள் அல்ல, கணக்குக்காக எடுத்த அளவுகள். 28 சென்டிமீட்டர் விட்டமுள்ள, எங்கும் ஒரே தடிமனான தட்டு; எடை 8 கிலோ. காரின் டயர் நடுவிலிருந்து தரை வரை 28 சென்டிமீட்டர். முதல் கியரில் என்ஜின் 14 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுகிறது என்று வையுங்கள். காரை வேகப்படுத்தும்போது இந்தத் தட்டையும் சேர்த்தே வேகப்படுத்த வேண்டும். அதுவோ காரின் சக்கரத்தைவிடப் 14 மடங்கு வேகமாகச் சுழல வேண்டியது. அந்த 14ஐ அதே 14ஆல் பெருக்க வேண்டும் என்பது இயற்பியல் விதி. கிடைப்பது 196. நான் எடுத்த அளவுகளுக்கு, முதல் கியரில் அந்த 8 கிலோ தட்டு காரில் 196 கிலோ பாரம் ஏற்றியதற்குச் சமமாக நடந்துகொள்ளும். தட்டின் எடையைப் பாதியாக்கினால் 98 கிலோ குறைந்ததுபோல ஆகும். ஏறக்குறைய ஒன்றரை ஆள் வண்டியிலிருந்து இறங்கிவிட்டதற்கு ஒப்பு. ஆனால் கடைசி கியரில் விகிதம் 3.2 என்றால், அதே தட்டின் பாரம் 10 கிலோதான். பாதியாக்கினால் கிடைப்பது 5 கிலோ. ஆகவே இதன் பலனெல்லாம் கீழ் கியர்களில், வளைவிலிருந்து வெளியே வரும் இடத்தில், கியர் மாற்றும் நொடியில்தான் இருக்கிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தவுடன் என்ஜின் எழும்புகிறது, விட்டவுடன் அடங்குகிறது. கியரைக் குறைக்கும்போது என்ஜினின் வேகத்தைச் சக்கரத்தின் வேகத்தோடு பொருத்த ஒரு சிறு தட்டல் போதும். வளைவுகள் மிகுந்த தடத்தில் இது பெரிய காரியம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எவ்வளவு இரும்பைக் குறைக்கிறோம் என்பதோடு, எந்த இடத்தில் குறைக்கிறோம் என்பதும் முக்கியம். நடுவிலிருந்து இரண்டு மடங்கு தூரத்திலுள்ள இரும்புக்கு நான்கு மடங்கு விளைவு. விளிம்பிலிருந்து எடுத்த கால் கிலோ, பாதி வழியில் எடுத்த ஒரு கிலோவுக்குச் சமம். அறிந்த தொழிலாளி விளிம்பைக் குறைத்து, போல்ட்டுகள் இறங்கும் நடுப்பகுதியைத் தொடாமல் விடுவான்.

இவ்வளவும் சரி. பையன் இத்தோடு நின்றிருந்தால் வீட்டில் சண்டை வந்திராது. உற்சாகத்தில் தகப்பனாரிடம், “உங்க படகு என்ஜினிலும் இதைச் செய்யலாம்பா, ரேஸ் வண்டி மாதிரி பிக்கப் கிடைக்கும்” என்று சொல்லிவிட்டான். ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட்டை வேறு சாட்சிக்கு இழுத்தான். எரிந்து முடிந்த பாகத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தானே அதுவே மேலே போகிறது என்றான். ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று தடுக்கப்பட்டு, அன்றைய கூலியை இழந்து கரையில் உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் அந்த உவமையைச் சொன்னது புத்தியான காரியம் அல்ல. அவர் கேட்டது ஒரே கேள்வி: “முகத்துவாரத்துல என்ஜின் நின்னா நீயா வந்து தள்ளுவே?” அதன்பின் இருவரும் பேசவில்லை.

தகப்பனாருடைய கேள்வியில் படிப்பு இல்லை. ஆனால் முழு இயற்பியலும் இருக்கிறது. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு, அதன்மேல் அலை உடையும் இடத்தைக் கடப்பதை எண்ணிப் பாருங்கள். படகின் முன்பக்கம் அலைமேல் ஏறி இறங்கும்போது பின்பக்கம் தூக்குகிறது. புரொப்பல்லர் நீரைவிட்டு வெளியே வந்துவிடுகிறது. சுமை திடீரென்று இல்லாமல் போக, என்ஜின் வெறிபிடித்ததுபோல் ஓடப் பார்க்கிறது. அடுத்த கணம் புரொப்பல்லர் மறுபடியும் நீரில் புதைந்து, முழுச் சுமையும் ஒரே அடியாக விழுகிறது. இந்த இரண்டு அதிர்ச்சிகளையும் தாங்குவது கனத்த ஃப்ளைவீல். முதலாவதில் வேகம் சட்டென்று ஏறவிடாமல் பிடித்துக்கொள்கிறது. இரண்டாவதில் தன்னிடமுள்ளதைக் கொடுத்து என்ஜினை அணையவிடாமல் காக்கிறது. அதைக் கடைந்து பாதியாக்கினால், மிதமான ஓட்டத்தில் வரும் ஒற்றை சிலிண்டர் என்ஜின் ஒரே ஓர் அழுத்தும் சுற்றைத் தாண்ட முடியாமல் நின்றுவிடும். என்ஜின் நின்ற படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பும். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று பழவேற்காட்டில் இருக்கிற உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை.

காரில் அப்படி நேராததற்குக் காரணம் இருக்கிறது. எஸ்டீமில் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வோர் அரைச் சுற்றுக்கும் ஏதோ ஒன்று தள்ளிக்கொண்டே இருக்கிறது, இடைவெளி கிடையாது. கரிவரதன் பயன்படுத்திய மூன்று சிலிண்டர் என்ஜினில் ஒரு தள்ளலுக்கும் அடுத்ததற்கும் நடுவே சிறிய இடைவெளி உண்டு. ஒற்றை சிலிண்டரில் மூன்று அரைச் சுற்று வெறுமை. சிலிண்டர் குறையக் குறைய ஃப்ளைவீலின் பொறுப்பு கூடுகிறது. நான்கு சிலிண்டர் காரிலும் இலேசான சக்கரத்துக்கு விலை உண்டு: நின்ற இடத்தில் என்ஜின் நடுங்கும், கிளட்சை விடும்போது சற்றுத் தவறினால் அணையும், கியர்பாக்ஸ் கலகலக்கும். பந்தயத் தடத்தில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொன்னேரிக் கடைத்தெரு நெரிசலில் அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் வண்டியில் பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை.

இருவரும் தனித்தனியாக என்னிடம் வந்தார்கள். படகைப் பொறுத்தவரை தகப்பனார் சொன்னது சரி, காரைப் பொறுத்தவரை மகன் சொன்னது சரி என்று இருவரிடமும் சொன்னேன். ஆனால் எனக்குப் பயம் உண்டாக்கியது வேறொன்று. புதிய சக்கரம் வாங்கப் பணம் போதாததால், பழைய வார்ப்பிரும்புச் சக்கரத்தையே லேத்தில் கொடுத்துக் கடைந்துவிடப் போவதாக மகன் சொன்னான். சில நூறு ரூபாயில் முடிந்துவிடும் என்றான்.

இறையியல் கல்லூரிக்குப் போகுமுன் அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் மூன்று ஆண்டுகள் வேலை செய்தேன் என்பதை உங்களில் சிலர் அறிவீர்கள். அங்கிருந்த மூத்த டர்னர், யார் கார் ஃப்ளைவீலைக் கொண்டுவந்து “கொஞ்சம் இலேசாக்கிக் கொடுங்க” என்று கேட்டாலும் முதலில் அதைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக் கேட்பார். அதோடு நம்பிவிட மாட்டார். மண்ணெண்ணெயைத் தடவி, சற்று நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, மேலே சுண்ணாம்புப் பொடியைப் பூசுவார். விரிசல் இருந்தால் அதற்குள் ஒளிந்திருந்த மண்ணெண்ணெய் வெளியே கசிந்து, வெள்ளைப் பொடியில் ஒரு கோடு ஈரமாகத் தெரியும். கிளட்சின் சூட்டில் வெந்து வெந்து ஆறிய சக்கரங்களில் அந்தக் கோட்டை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். கோடு இல்லாவிட்டாலும், வேகமாக ஓட்டப்போகும் வண்டிக்கு என்றால் வார்ப்பிரும்பைக் கடைந்து கொடுக்க அவர் மறுத்துவிடுவார். வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போவார்கள். அவர் கூலியை இழந்தாரேயன்றிக் கொள்கையை விடவில்லை.

அதற்கு நியாயம் இருந்தது. வார்ப்பிரும்பு நசுக்குதலை நன்றாகத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. சுழலும் சக்கரத்தில் இருப்பதோ முழுவதும் இழுப்பு. ஒவ்வொரு துணுக்கும் வெளியே பறந்துபோக முயல்கிறது. சுழற்சி வேகம் இரட்டிப்பானால் பிய்க்கும் விசை நான்கு மடங்காகும். நிதானமாக 3,500 சுற்றில் ஓடிய சக்கரத்தைப் பந்தயத்தில் 7,000 சுற்றுக்கு ஏற்றுகிறோம். அதே நேரத்தில் அதன் தடிமனையும் குறைத்து, லேத் கருவி விட்டுச்சென்ற கூரிய மூலையையும் வைத்துவிட்டு ஏற்றுகிறோம். விரிசல் அந்த மூலையில்தான் பிறக்கும். உடைந்தால் துண்டுகள் கியர்பாக்ஸின் கூட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். அது எங்கே இருக்கிறது? ஓட்டுகிறவனுடைய கால்களுக்குச் சற்று முன்னால். ஆகையால்தான் பந்தயத்துக்கென்று செய்யும் சக்கரங்களை உருக்கிலிருந்து ஒரே துண்டாகக் கடைகிறார்கள். அல்லது அலுமினியத்தில் செய்து, கிளட்சு உரசும் முகத்தில் மட்டும் உருக்குத் தகடு பதிக்கிறார்கள்.

பிரியமானவர்களே, இங்கே நான் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. நம் சபைகளில் ‘பாரம்’ என்ற சொல்லை எத்தனை முறை சொல்லுகிறோம்! எபிரெயர் நிருபத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தை வைத்து நானே பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அந்த அதிகாரம் ஓடுகிறவனைப் பற்றிப் பேசுகிறது. மகன் அந்த இடத்தையே என்னிடம் காட்டினான். நான் அவனோடு வாதிடவில்லை. ஓடுகிறவனுக்கு அது சத்தியம். ஆனால் அன்று இரவு அவன் தகப்பனாரைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து போகும் அந்தப் பழக்கம், பாடு முறையில் தன் முறை வராத நாளில் அடுத்தவர் இடத்தில் வலை போடாத அந்த ஒழுங்கு, மீன் படாத வாரத்திலும் சங்கத்துக் கடனைக் கட்டும் பிடிவாதம், இவையெல்லாம் பார்க்கிறவனுக்குப் பாரமாகத்தான் தெரியும். நான்கில் மூன்று பங்கு வெறுமையாகப் போகும் ஒரு வாழ்க்கையை அடுத்த சுற்றுக்குக் கொண்டுசேர்ப்பது அந்தக் கனம் என்று எனக்குத் தோன்றிற்று. எல்லாருக்கும் ஒரே அளவு கனம் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். எத்தனை சிலிண்டர் என்று கேட்காமல் யாருக்கும் ஆலோசனை சொல்லக் கூடாது என்று மட்டும் எனக்கு நானே குறித்துக்கொண்டேன்.

கடைசியில் நடந்ததைச் சொல்லுகிறேன். மூன்று பங்காளிகளும் உட்கார்ந்து பேசி, இந்தப் பருவத்தைப் பழைய சக்கரத்தோடே ஓட்டிவிடுவது, உருக்குச் சக்கரத்துக்கு மாதாமாதம் பணம் சேர்ப்பது என்று முடிவு செய்திருக்கிறார்கள். கூட இருப்பவர்கள் கேலி செய்வார்கள் என்று பையனுக்கு வருத்தம் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. பந்தயப் பிரிவின் விதிகளை முதலில் படிக்கும்படியும் சொன்னேன், ஏனெனில் சில பிரிவுகளில் கம்பெனி கொடுத்த ஃப்ளைவீலைத் தொடவே கூடாது. புதிய சக்கரம் வரும் நாளில் செய்ய வேண்டியதை அவன் நோட்டில் எழுதி வைத்திருக்கிறான்: கியர்பாக்ஸை இறக்கியவுடன் கிராங்கின் பின்புற ஆயில் சீலையும் மாற்றிவிட வேண்டும், பழைய போல்ட்டுகளை மறுபடி போடக் கூடாது, எதிரெதிராக, சிறிது சிறிதாக, டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும், கிளட்சு பிளேட்டை நடுவில் நிறுத்தும் கம்பி இல்லாமல் மூடக் கூடாது, பிரஷர் பிளேட்டோடு சேர்த்தே பேலன்ஸ் பார்க்க வேண்டும். நல்ல கையெழுத்து. தகப்பனார் அந்த நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, படகு என்ஜினின் ஃப்ளைவீல் நட்டு சில நாட்களாகச் சற்று ஆடுவதுபோல் இருக்கிறது, அதை வந்து பார் என்றார். மூன்று வாரங்களுக்குப் பிறகு அவர் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அது. அவன் அன்று மாலையே போய்ப் பார்த்தான். நட்டு தளர்ந்துதான் இருந்தது, சாவிக்கட்டையும் தேய்ந்திருந்தது.

கோட்டைக்குப்பத்திலும் லைட்ஹவுஸ் குப்பத்திலும் சில வாலிபர்கள் மோட்டார் சைக்கிளிலும் படகிலும் இதேபோன்ற முயற்சிகளைச் செய்வதாகக் கேள்விப்படுகிறேன். கடைய வேண்டும் என்று எந்தச் சக்கரத்தையும் லேத்துக்கு எடுத்துப்போகுமுன் என் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல் நான் இருப்பேன். மண்ணெண்ணெயும் சுண்ணாம்புப் பொடியும் என்னிடம் இருக்கின்றன. துடைக்கப் பழைய துணி மட்டும் கொண்டுவந்தால் போதும்.